குடல்வால் நோயும் கரந்துறை கட்டியும்

தமிழ் பயிலும் மாணாக்கர் இரண சிகிச்சையைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். வயிறு அனைவர்க்கும் உளது. குடல்வாலும் ஏறக்குறைய அனைவர்க்கும் உளது. அதனை அறுக்கும் உரிமை மருத்துவர்க்கே உரியதாயினும், அறுத்தபின் அது யாதாயிற்று என்று கேட்கும் உரிமை அதனை அத்துணைக் காலம் சுமந்திருந்தவர்க்கு உண்டன்றோ? அக்கேள்வியை நம் நாட்டார் கேட்பதில்லை. கேட்டல் வேண்டும் என்பதும், நாற்பது ஆண்டு கடந்தார் தவறாது கேட்டல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையில் யாம் வற்புறுத்தக் கருதியவை.

யாம் பிறந்து வளர்ந்த ஊர் தாமல். காஞ்சிமாநகர்க்கு மேற்கே, சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையின் மருங்கில், மழைக்காலத்தே கடலெனப் பரந்து தோன்றும் பேரேரி ஒன்றை வழிச்செல்வார் கண்டிருப்பர். அதுவே தாமல் ஏரி. புறநானூற்றின் 43-ஆம் பாட்டைப் பாடிய தாமப்பல் கண்ணனார் எம்மூரினர் என்று சொல்வாரும் உளர். அப்புலவர் சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானோடு வட்டாடியபொழுது காயைக் கைக்குள் மறைத்தார் என்றும், அதனால் வெகுண்ட அரசிளங்குமரன் வட்டினை அவர்மேல் எறிந்தான் என்றும் அப்பாட்டின் கீழுள்ள குறிப்புக் கூறும். எறிந்தது பிழையே, அதற்கு அவன் நாணினான் என்பதும் அக்குறிப்பிலேயே உண்டு. ஆயினும் மறைத்ததைக் கண்டுபிடித்த அவனது கூர்த்த கண் இன்று எம்மூர் நோயாளிகட்குப் பெரிதும் வேண்டப்படுகிறது.

காஞ்சியையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வாழ்விப்பது பட்டு நெசவு. குழித்தறியில் அமர்ந்து காலால் மிதியை மிதித்தும் கையால் நாடாவை ஓட்டியும் நாள் முழுதும் உழைப்பார்க்கு வயிற்றுவலி புதியதன்று. வலி கண்டவுடன் வாய்வு என்பர், சூடு என்பர், பெருங்காயத்தை மோரிற் கரைத்துக் குடிப்பர், ஓமநீர் பருகுவர். இவற்றாற் பெருந்தீங்கு இல்லை. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவாரும் உளர். அஃதொன்று மட்டும் ஆகாது. அழன்று வீங்கிய குடல்வாலைப் பேதிமருந்து கிழித்துவிடக் கூடும். கொய்யா விதையை விழுங்கினால் அது குடல்வாலிற் சென்று சிக்கிக்கொள்ளும் என்று எம் பாட்டிமார் அச்சுறுத்துவர். அவ்வாறு நிகழ்தல் மிக அரிது. கொய்யாவின்மேற் சுமத்திய அப்பழியில் ஒரு பங்கை வேறு சில காரணங்களின்மேற் சுமத்தியிருப்பின் எத்துணை நலமாயிருக்கும்!

அக்காரணங்கள் யாவை என்று பார்ப்போம். சிறுகுடல் பெருங்குடலொடு கூடுமிடத்தில், வலப்புறத்து அடிவயிற்றிலே, குருட்டுக்குடல் என்னும் பை போன்ற பகுதி ஒன்றுண்டு. அதினின்று விரல்போலத் தொங்கும் ஒடுங்கிய குழலே குடல்வால். பெரும்பாலும் 8 முதல் 10 செண்டிமீட்டர் நீளமிருக்கும். ஒரு முனை மூடியது. மறுமுனை குருட்டுக்குடலுள் திறப்பது. அத்திறந்த வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும், கிருமிகள் பெருகும், குழல் வீங்கும், இரத்த ஓட்டம் குன்றும், ஈற்றில் ஓட்டை விழுந்து சீழ் வயிற்றுள் பரவும். அடைப்பது பெரும்பான்மை கல்போல இறுகிய மலத்துணுக்கு. இளையோர்க்குக் குழலின் சுவரிலேயே உள்ள நிணத்திசு வீங்கி அடைத்தலும் உண்டு. சிற்சில வேளை புழு. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, ஒரோவழி அடைப்பது கட்டியாகவும் இருக்கும். இக்கட்டி, வீக்கமும் சீழும் ஆகிய ஆரவாரத்தின் பின்னே ஒளிந்திருக்கும். திருவிழாக் கூட்டத்தில் கள்வன் கலந்து நிற்பதுபோல.

இந்நோயின் வரலாற்றிலேயே நமக்கு வேண்டிய பாடம் பொதிந்துள்ளது. 1735-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கிளாடியஸ் அமியண்ட் என்னும் மருத்துவர், குடலிறக்கத்தால் வருந்திய 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அறுவை செய்தபொழுது, அவன் விழுங்கியிருந்த குண்டூசி குடல்வாலைத் துளைத்திருக்கக் கண்டு, அதனை வெட்டியெடுத்தார். மயக்கமருந்து அறியப்படாத காலம் அது. சிறுவன் பட்ட பாட்டை நினைக்கவும் நெஞ்சு நடுங்கும். பின்னும் 150 ஆண்டுகள் கழிந்தே இந்நோயின் உண்மை உலகறிய வெளிப்பட்டது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தினராகிய ரெஜினால்டு ஃபிட்ஸ் 1886-இல், வலது அடிவயிற்றிற் சீழ்கட்டி மாண்டாருட் பலர் குடல்வால் நோயினாலேயே மாண்டனர் என்று நிறுவி, அதற்கு இன்று வழங்கும் அப்பெண்டிசைட்டிஸ் என்னும் பெயரையும் இட்டார். ஃபிட்ஸ் கத்தி பிடித்தவர் அல்லர் என்பதை ஈண்டு உன்னுதல் வேண்டும். உறுப்புகளையும் திசுக்களையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராயும் நோய்க்கூற்று அறிஞர் அவர். இந்நோயை நமக்கு அறிவித்தது அறுத்த கையன்று, உற்றுநோக்கிய கண்ணே. அக்கண்ணை இன்று நாம் செலவு மிகுதி என்று விலக்குவோமாயின் நன்றி மறந்தாராவோம்.

மன்னர் ஒருவரது நோயும் ஈண்டுக் கருதற்பாலது. ஏழாம் எட்வர்டு மன்னர்க்கு 1902-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் முடிசூட்டு விழா குறிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் முன்னர் அவர் குடல்வாலைச் சூழ்ந்து சீழ்க்கட்டி உண்டாயிற்று என்று அறிந்து, சர் பிரெடெரிக் டிரீவ்ஸ் அச்சீழை வடித்தார். விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. குடல்வாலை அவர் எடுக்கவில்லை. சீழை மட்டுமே வடித்தார். மன்னர்க்கு அப்பொழுது வயது 60. அவர் நலமெய்திப் பின்னும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் அறுபது வயதினர் ஒருவர் இன்று அந்நிலையில் மருத்துவமனை புகுந்து சீழ் வடிக்கப்பெற்று மீண்டால், நல்ல மருத்துவர் எவரும் அவரைச் சும்மா விடார். சில வாரங்கள் சென்றபின் மீண்டும் வருவித்து, பெருங்குடலுள் குழாய்விட்டுக் காணும் சோதனையும் ஸி.டி. படமும் எடுப்பித்து, உள்ளே வேறொன்றும் இல்லையென்று தெளிந்த பின்னரே விடுவர். மன்னர்க்கு அக்காலத்திற் கிடையாத அப்பேறு தாமல் நெசவாளர்க்கு இக்காலத்தில் கிடைக்கக் கூடியதே. அவர் அதனைப் பெறுகின்றாரா என்பதே வழக்கு.

கட்டிகள் ஒரு தன்மையன அல்ல. 1907-இல் ஓபர்ண்டோர்ஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கார்சினாய்டு என்று பெயரிட்ட வகை ஒன்று. அது பெரும்பாலும் குடல்வாலின் நுனியில் பட்டாணிக் கடலையினும் சிறிதாய் இருக்கும், இளையோரிடத்தும் காணப்படும். ஒரு செண்டிமீட்டர்க்குக் குறைந்ததாயின் குடல்வாலை எடுத்ததே மருந்தாய் முடியும். இரண்டு செண்டிமீட்டரைக் கடந்ததாயின் பெருங்குடலின் வலப்பகுதியையும் எடுக்க நேரும். கோழை போன்ற கொழுநீரைச் சுரக்கும் கட்டி இன்னொரு வகை. குடல்வால் வெடித்து அக்கொழுநீர் வயிற்றறையிற் சிந்தினால், ஆண்டுகள் பல கழித்து வயிறு முழுதும் கூழ்போல் நிறைந்து உயிர்க்கே இறுதியாகலாம். ஆட்ரி ஹெப்பர்ன் என்னும் புகழ்பெற்ற திரைநடிகையார் 1993-இல் இறந்தது குடல்வாலிற் பிறந்த இத்தகைய நோயினாலேயே. மற்றொன்று மெய்யான புற்று. அது குடல்வாலிலும் தோன்றும், குருட்டுக்குடலில் தோன்றிக் குடல்வாலின் வாயை வெளியினின்று அடைத்தலும் செய்யும். இப்பின்னையது மிகக் கொடிது. ஏனெனின் மருத்துவர் அடைபட்ட குழலை நீக்கி நோய் தீர்ந்ததென்று மகிழ்வர். அடைத்தது உள்ளேயே இருக்கும்.

அறுத்தெடுத்த குடல்வால்கள் நூறனுள் ஏறத்தாழ ஒன்றிற் கட்டி காணப்படும் என்பது பல நாட்டுக் கணக்குகளின் திரண்ட முடிவு. நூற்றுக்கு ஒன்றுதானே என்று ஆறுதல் கொள்வார் ஃபின்லாந்து நாட்டார் கண்டதைக் கேட்டல் வேண்டும். குடல்வாலைச் சுற்றிச் சீழ்கட்டியோர் 60 பேரை அவர் ஓர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர். அனைவர்க்கும் முதலில் மருந்தாற் சீழை ஆற்றினர். பின்னர் ஒரு பகுதியார்க்குக் குடல்வாலை எடுப்பது என்றும், மற்றொரு பகுதியாரைப் படமெடுத்துக் கண்காணித்து வருவது என்றும் வகுத்தனர். இடையிற் கணக்குப் பார்த்தபொழுதே 10 பேரிடத்துக் கட்டி இருந்தது; அப்பதின்மரும் 40 வயது கடந்தவர். இந்நிலையிற் குடல்வாலை எடாது விடுதல் அறமன்று என்று ஆராய்ச்சியையே அவர் பாதியில் நிறுத்திவிட்டனர். நிறுத்தியபின் மேலும் இருவரிடத்துக் கண்டனர். அறுபதுக்குப் பன்னிரண்டு, ஐவரில் ஒருவர். 2019-இல் இம்முடிவு வெளியாயிற்று. சிறிய ஆராய்ச்சிதான், பிற ஆராய்ச்சிகளிற் குறைந்த விகிதங்களும் கண்டிருக்கின்றனர். ஆயினும் 40 வயது, சீழ்க்கட்டி என்னும் இரண்டும் ஒருங்கு கூடியவிடத்து ஐயம் வலுப்பெறும் என்பதில் அறிஞர்க்குள் வேறுபாடில்லை. அவசர அறுவை மருத்துவர்களின் உலகச் சங்கத்தார் 2020-இற் புதுப்பித்த எருசலேம் நெறிமுறை என்னும் ஏடும் இதனையே கூறுகிறது: எடுத்த குடல்வாலை எப்பொழுதும் திசு ஆய்வுக்கு அனுப்புக, 40 கடந்தார்க்குச் சிக்கலுற்ற குடல்வால் நோயை அறுவையின்றி ஆற்றினால் பெருங்குடற் சோதனையும் ஸி.டி. படமும் பின்னர்ச் செய்க.

திசு ஆய்வினால் யாது பயன் என்பார்க்கு ஒன்று சொல்வோம். அமெரிக்க நாட்டில் விளையாட்டுச் செய்திகளைத் தொலைக்காட்சியில் அறிவித்து வந்த ஸ்டூவர்ட் ஸ்காட் என்பார்க்கு 2007 நவம்பரில் திடீரென வயிற்றுவலி கண்டு குடல்வாலை எடுத்தனர். எடுத்ததை ஆராய்ந்தபொழுது புற்று வெளிப்பட்டது. அதன்பின் மருத்துவம் செய்துகொண்டு, தொழிலையும் விடாது, ஏழாண்டுக்கு மேல் வாழ்ந்து 2015 ஜனவரி 4-ஆம் நாள் இறந்தார். அக்குடல்வால் குப்பைத்தொட்டிக்குச் சென்றிருப்பின் அவருக்கு அவ்வெச்சரிக்கை கிடைத்திராது.

நம் நாட்டில் அது எங்கே செல்கிறது? பெரிய மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் முறைப்படி ஆய்வுக்கு அனுப்புகின்றனர். அதனை யாம் மறுக்கவில்லை. சிறு நகரங்களின் மருத்துவ விடுதிகளில் நிகழ்வதை நம்முட் பலர் கண்டிருப்போம். அறுவை முடிந்ததும் செவிலியர் ஒரு தட்டிலோ சிறு புட்டியிலோ குடல்வாலைக் கொணர்ந்து, வாயிலிற் காத்திருக்கும் உறவினர்க்குக் காட்டுவர். உறவினர் முகத்தைச் சுளித்துத் தலையசைப்பர். வாங்கிய பணத்துக்கு அறுவை நடந்தது என்பதற்கு அதுவே சான்று. அவ்வளவில் அதன் கதை முடியும். ஆய்வுக்கு அனுப்பினால் மேலும் சில நூறு ரூபாய் ஆகுமே என்று மருத்துவர் தயங்குவதும் உண்டு. வேண்டா என்று வீட்டார் தடுப்பதும் உண்டு. காஞ்சியில் ஒரு சேலை நெய்து முடித்தவர் அதனை மடிப்பதற்கு முன் மறுபுறம் திருப்பி இழை அறுந்துளதா, சரிகை விட்டுளதா என்று பாராது முதலாளியிடம் கொடுப்பாரா? தம் கையால் நெய்த பட்டுக்குச் செய்யும் மரியாதையைத் தம் உடம்பினின்று எடுத்த ஒன்றற்கு ஏன் செய்யலாகாது?

எம் தெருவினராகிய நெசவாளர் ஒருவரை ஈண்டுக் கூறாதிருக்க இயலவில்லை. ஐம்பதை அணுகிய வயதினர். வலது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் கண்டு மருத்துவ விடுதி ஒன்றிற் சேர்ந்தார். குடல்வாலைச் சுற்றிச் சீழ் என்று கண்டு, மருந்து செலுத்தி ஆற்றி, எட்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினர். கையிற் கொடுத்த தாளில், ஆறு வாரம் கழித்து வந்து பெருங்குடற் சோதனை செய்துகொள்க என்று எழுதியே இருந்தது, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அத்தாள் காப்பீட்டு அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைக்கப்பட்டது. வலி தீர்ந்தபின் தாளைப் படிப்பார் யார்? அப்பொழுது தறியில் ஒரு திருமணச் சேலை பாதியில் நின்றது. கோர்வைச் சேலை நெய்தற்கு ஒருவர் போதார். கரைக்கு நாடா தள்ள அருகில் ஒருவர் வேண்டும். அவர் எழுந்து சென்றால் அவர் கூலியும் நிற்கும், துணையாளர் கூலியும் நிற்கும். ஒரு சேலைக்குப் பத்து பதினைந்து நாள் ஆகுமாகலின், சோதனைக்கென்று முதல்நாட் பட்டினியும் பேதிமருந்தும் சோதனைநாளும் அடுத்தநாள் அயர்வுமாக மூன்று நாளை இழக்க அவர் உடன்பட்டிருப்பாரோ என்பதும் ஐயமே. எனினும் உடன்படுதற்கும் மறுத்தற்குமான வாய்ப்பே அவர்க்குக் கொடுக்கப்படவில்லை. ஓராண்டு கடந்தபின் முகம் வெளிறி, நடந்தால் மூச்சுவாங்கி, இரத்தக்குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை தின்று, ஈற்றிலே குருட்டுக்குடலிற் கட்டி என்று வெளிப்பட்டது. இன்று அவர் உயிரோடிருக்கிறார். தறி வேறொருவரிடம் இருக்கிறது.

இது நிகழ்ந்த ஊர்க்கு அருகில் என்ன இருக்கிறது என்பதையும் பார்ப்போம். காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில், 1969-ஆம் ஆண்டு முதல், அறிஞர் அண்ணா பெயரால் அரசினர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை உளது. அண்ணா அவர்கள் 1909-இற் காஞ்சியிற் பிறந்தவர், நெசவுத் தெருக்களுக்குரியவர், முதலமைச்சராயிருந்த காலத்தே உணவுக்குழலிற் புற்று எய்தி, 1968-இல் நியூயார்க் நகரம் வரை சென்று அறுவை செய்துகொண்டும், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரை மறவாது முயன்று, 1954-இற் புற்றுநோய் நிலையத்தைத் திறப்பித்தார். மேற்கே அதே பெருஞ்சாலையிற் சென்றால் 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறு மருந்தகமாகத் தொடங்கி இன்று உலகறிந்த மருத்துவக் கல்லூரியாய் ஓங்கிய வேலூர் நிலையம். எனவே மருத்துவமனை இல்லாக் குறையன்று எம்மூர்க்குரியது. வாயிற்படி அருகிலிருந்தும், அதனுள் செல்லவேண்டியவர் இன்னார் என்று சுட்டும் விரல் இல்லாமையே குறை.

எம் கருத்தை மறுப்பாரும் உளர்; அவர் கூற்றும் அறிவுடையதே. எல்லாக் குடல்வால்களையும் ஆய்வுக்கு அனுப்புதல் வீண்செலவு. அறுவை செய்வார் எடுத்ததைக் கண்ணால் நோக்கியும் விரலால் தடவியும் ஐயம் தோன்றியவற்றை மட்டும் அனுப்பினாற் போதும் என்று நெதர்லாந்து நாட்டு மருத்துவர் சிலர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். அந்நாட்டுக்கு அது பொருந்தலாம். அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் குடும்ப மருத்துவர் உளர். பின்னர் வலி தோன்றினால் பழைய குறிப்புகள் ஒரு நொடியிற் கிடைக்கும். விட்ட பிழையைத் திருத்த இரண்டாம் வாய்ப்பு உண்டு. இங்கே நோயாளி இன்று ஒரு விடுதியிலும் நாளை வேறொரு விடுதியிலும் காட்டுவார், தாளை இழப்பார், ஒருமுறை வாயிலைக் கடந்தார் மீள்வது அரிது. மீளாதார்க்கு முதல் வாய்ப்பே இறுதி வாய்ப்பு. மேலும், சீழ் படிந்து கறுத்து வீங்கிய குழலைத் தடவிப் பார்த்து உள்ளே பட்டாணியளவு ஒன்று இருக்கிறதா என்று கூறல் தேர்ந்த கைக்கும் எளிதன்று. ஆதலின் அவர் நாட்டு ஞாயம் நம் நாட்டுக்கு ஞாயமாகாது என்பதே எம் துணிபு.

அறுவையே செய்யாது கிருமிக்கொல்லி மருந்தால் மட்டும் ஆற்றும் முறை இப்பொழுது பரவி வருதலும் நோக்கற்குரியது. ஃபின்லாந்து நாட்டார் 2015-இலும் அமெரிக்க நாட்டார் 2020-இலும் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சிகளால், சிக்கலில்லாத குடல்வால் நோய்க்கு இம்முறை தக்கதே என்று தெளிவாயிற்று. மருந்தால் ஆற்றப்பெற்றாருள் ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு 39 பேர்க்கு நோய் மீண்டது என்றாலும், எஞ்சியோர் கத்தியினின்று தப்பினர் அன்றோ? கூலிவேலை செய்வார்க்கு அது சிறு நன்மையன்று. யாம் இம்முறைக்குப் பகைவர் அல்லேம். ஆனால் அறுத்தால் ஆய்வதற்கு ஒன்றாவது கையில் இருக்கும். அறாவிடத்து அதுவும் இல்லை. கட்டி இருப்பின் அது இருந்த இடத்திலேயே இருக்கும். மருந்தால் வலி தணிந்தமையின் ஐயமும் உடன் தணிந்துவிடும். இருபது வயதினர்க்கு இதனால் நேரும் இடர் மிகச் சிறிது. எம் வகுப்பினருள் எவரேனும் இந்நோயுற்றால் புற்றை எண்ணி உறக்கம் கெடவேண்டுவதில்லை. ஐம்பது வயதினர் நிலை அதுவன்று. அவர்க்கு மருந்து கொடுத்து அனுப்புவார், மீண்டும் வரவேண்டிய நாளையும் அதன் காரணத்தையும் அவர் நெஞ்சிற் பதியுமாறு உரைத்தே அனுப்புதல் வேண்டும்.

இவ்விடத்தேதான் தமிழ் பயில்வார்க்கு இதில் வேலை உண்டாகிறது. நோயாளிக்குக் கொடுக்கும் தாள் அவர் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது புதுக் கொள்கையன்று. அமெரிக்க மிஷனைச் சார்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்பார் 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மானிப்பாயில் மருத்துவம் புரிந்து, தமிழ் கற்று, தமிழ் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்ஙனம் தேர்ந்த மருத்துவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டவர். இரண வைத்தியம் என்றும் மனுஷ அங்காதிபாதம் என்றும் பெரிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தியவரும் அவரே. கடல் கடந்து வந்த ஒருவர் அக்காலத்தே ஒரு முழு நூலைத் தமிழில் தர இயன்றதாயின், இந்நாட்டிற் பிறந்து இந்நாட்டுக் கல்லூரிகளிற் பயின்ற நம் மருத்துவர்க்கு நான்கு வரியைத் தமிழில் எழுதித் தருதல் இயலாதோ?

நான்கு வரிக்கு மேல் யாம் வேண்டவும் இல்லை. உமது குடல்வால் எடுக்கப்பட்டது. அது இன்ன இடத்துக்கு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. இன்ன நாளில் முடிவு வரும். அதனை நீரே வந்து கேட்டுப் பெறுக. குடல்வாலை எடாது மருந்து கொடுத்தவிடத்து: உமக்கு வயது நாற்பது கடந்தமையால் ஆறு வாரம் கழித்துக் குடலைச் சோதித்தல் வேண்டும்; வலி இல்லையெனினும் வருக. இந்த வலி இல்லையெனினும் என்னும் தொடரைப் பெரிய எழுத்தில் எழுதுதல் நலம். நம் மக்கள் வலியையே நோய் என்றும், வலி நீங்குதலையே நலம் என்றும் கொள்ளும் இயல்பினர்.

அரசினர்க்கும் ஒரு விண்ணப்பம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையாரை நாடி ஊழியர் இல்லந்தோறும் வருகின்றனர். நாற்பது கடந்த ஒருவர் வீட்டில் அமர்ந்து இரத்த அழுத்தம் பார்க்கும்பொழுது, கடந்த ஓராண்டுக்குள் உமக்குக் குடல்வால் நோய் வந்ததுண்டா, பின்னர்ச் சோதனை செய்துகொண்டீரா என்று ஒரு வினாவைக் கூட்டிக் கேட்டால் ஆகும் செலவு யாதுமில்லை. மருத்துவக் காப்பீட்டின் கீழ்க் குடல்வால் அறுவைக்குப் பணம் கொடுக்கும்பொழுது, திசு ஆய்வின் முடிவு இணைக்கப்பட்டாலன்றிக் கொடுப்பதில்லை என்று அரசினர் உறுதியாய் நின்றால், தட்டிற் காட்டிக் குப்பையிற் கொட்டும் வழக்கம் ஓராண்டுக்குள் ஒழியும். சட்டத்தினும் பணப்பட்டி விரைந்து வேலை செய்யும் என்பது வணிக ஊரிற் பிறந்த எமக்குத் தெரியும்.

மேற்கூறிய நான்கு வரிகளை ஒரு சிறு துண்டுத்தாளாக அச்சிட்டு வரும் விடுமுறையில் எம்மூரிலும் அண்டையூர்களிலும் தறிவீடுகளிற் கொடுக்க எண்ணியுள்ளோம். ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. திசு ஆய்வு என்பது நல்ல தமிழ். எம் ஆசிரியர் அதனையே விரும்புவர். தறிவீடுகளில் வழங்குவது சதைப் பரிசோதனை என்பதே. பயாப்சி என்றாலும் பலர்க்கு விளங்குகிறது, ஆயின் அச்சொல்லைக் கேட்டவுடன் புற்றுநோய் உறுதி என்று அழத் தொடங்குவாரும் உளர். பெரியவர் ஒருவர், எடுத்த குடல்வாலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதினாற் போதாதா என்றார். அவ்வாறே அச்சிடலாம் என்பதே இப்பொழுதைக்கு எம்முட் பெரும்பாலார் கருத்து.